ஒத்துப்போகாத பாறை

“அப்ப நான் கண்டதை விட்டிட்டுக் காணாததை எழுதட்டோ சேர்?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை.”

“வேற எப்பிடிச் சொன்னனீங்கள்?”

“அந்த ஒரு அத்தியாயத்தை எடுத்துவிடும் எண்டுதான் சொன்னனான். எழுதாமல் விடுறதும் பொய் எழுதுறதும் ஒண்டே பிள்ளை?”

“அதை எடுத்தால் மிஞ்சிறது என்ன? முன்னுரையும் நன்றியுரையும்தான்.”

“நன்றியுரை நல்லாத்தான் இருக்கு,” என்றார் விரிவுரையாளர் சிவகுருநாதன். சொன்ன பிறகு தானே சிரிக்க முயன்று, முடியாமல், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கிறிஸ்டின் பஸ்தியாம்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. கதிரையின் விளிம்பில் உட்கார்ந்து, மடியிலிருந்த வெளிக்கள அறிக்கையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டிருந்தாள், அதற்குக் குளிரும் என்பதைப் போல.

“இஞ்ச பாரும்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “உம்மட அறிக்கை சரியெண்டால், நான் கையெழுத்து வைச்ச மற்ற எல்லா அறிக்கையும் பிழை. நாளைக்கு வாற மனிசன் முதலில அதைத்தான் கேப்பார். கேட்டால் நான் என்ன சொல்ல?”

“பிழை எண்டு சொல்லுங்கோ.”

“சொன்னால் இந்தக் கட்டடத்தைத் திரும்பவும் பண்டகசாலை ஆக்கிப்போடுவாங்கள். உமக்குப் பிறகு இஞ்ச ஒருத்தரும் படிக்க ஏலாது.”

உண்மையில் அது பண்டகசாலையாகத்தான் இருந்தது. வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது உவர்மலை அடிவாரத்தில் விட்டுச்சென்ற நீண்ட கட்டடம். கயிறும் தாரும் மணத்த சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் ஒரு பலகையை மாட்டி, பல்கலைக்கழகம் அதைத் தன் கடலியல் நிலையம் ஆக்கியது. அங்கே இரண்டு வருட டிப்ளோமா நடந்தது. விரிவுரையாளர்கள் நால்வர் என்று பலகை சொன்னது. அதில் மூவர் எந்த வருடமும் கொழும்பிலிருந்து வரவேண்டியவர்களாகவே இருந்தார்கள். வந்து சேர்ந்தவர் சிவகுருநாதன் ஒருவர்தான். பாடம் நடத்தியதும் அவர், நூல்களுக்குத் தூசி தட்டியதும் அவர், ஆய்வுகூடத் தொட்டியில் வெடிப்பு விழுந்தால் சீமெந்து குழைத்துப் பூசியதும் அவர்.

ஒவ்வொரு ஆடி மாதமும் ஒரு வெளிப் பரீட்சகர் வருவார். நிலையம் தன் பிள்ளைகளுக்குத் தானே தாராளமாகப் புள்ளி போட்டுக்கொள்கிறதா என்று பார்ப்பதற்குப் பல்கலைக்கழகம் வெளியிலிருந்து அனுப்பும் ஆள். எழுபத்தைந்தாம் ஆண்டு ஆடியில் வரவிருந்தவருக்கு அதைவிடப் பெரிய வேலையும் இருந்தது. நிலையத்தின் தரம் திருப்தி என்று அவர் எழுதினால் டிப்ளோமா பட்டப்படிப்பாக உயரும். இந்த வருடம் முடிக்கிறவர்கள் இங்கேயே மேலும் ஒரு வருடம் படித்துப் பட்டதாரிகள் ஆகலாம்.

கிறிஸ்டினுக்கு அந்த ஒரு வருடம் வேண்டும். லிங்கநகரில் அம்மாவிடம் அவள் அதைப் பற்றிக் கதைப்பதே இல்லை, கதைத்தால் குறைந்துவிடும் என்று பயந்தவள் போல. ஆனால் அந்த வருடத்துக்குப் போகும் வழியில் வெளிக்கள அறிக்கை நின்றது. அதில் சித்தியடையாதவருக்கு டிப்ளோமாவே இல்லை. அளவுகளைக் கற்பனையாக எழுதியிருக்கிறார் என்று பரீட்சகர் குறித்துவிட்டாலோ, பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பரீட்சை மண்டபத்துக்குள்ளும் கால் வைக்க முடியாது.

அறிக்கைக்கான வேலை எல்லோருக்கும் ஒன்றுதான். நிலையத்தின் பின்கதவைத் திறந்தால் படிக்கட்டு, படிக்கட்டின் முடிவில் பாறைகள், பாறைகளில் கடல். அந்தப் பாறையில் எந்த உயிர் எவ்வளவு உயரத்தில் வாழ்கிறது என்று ஒரு வருடம் அளந்து எழுதவேண்டும். நிலையத்திலிருந்த ஒரேயொரு ஆங்கிலப் புத்தகம் அதை அழகாக விளக்கியிருந்தது. நாளுக்கு இரண்டு தரம் கடல் பெருகி வற்றுகிறது. அந்த வற்றுப்பெருக்கு பாறையைப் பட்டி பட்டியாகப் பிரித்து வைக்கிறது. மேலே ஊரி எனப்படும் சிறு கடல் நத்தைகள், நடுவே காலை வெட்டும் சிறுசிப்பிகள், கீழே தோல்வார் போல நீண்டு கிடக்கும் மண்ணிறப் பாசி. அந்தப் புத்தகம் பிறந்த குளிர்க் கடலில் தண்ணீர் இரண்டு ஆள் உயரத்துக்கு ஏறி இறங்கும். திருகோணமலையில் அது முழங்கால் வரைக்கும் வராது. இந்தச் சின்ன விஷயத்தைப் பற்றிப் புத்தகம் ஒன்றும் சொல்லவில்லை.

நிலையத்தின் முதலாவது வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்திலிருந்த உயரங்களைச் சுருக்கி, கட்டடத்துக்குப் பின்னாலிருந்த பாறைக்குள் அடக்கினார்கள். அடுத்த வகுப்புக்கு அதைக் குப்பியில் சொல்லிக்கொடுத்தார்கள். மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைச் சுற்றியிருந்து மூத்தவர்கள் இளையவர்களுக்குப் பரீட்சைக்கு வேண்டியதை வாய்ப்பாடமாகப் படிப்பிப்பதற்குக் குப்பி என்று பெயர். பல்கலைக்கழகம் எங்கும் உள்ள வழக்கம்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திருகோணமலைக் குப்பியில் மட்டும் ஒரு நுட்பம் கூடுதலாக இருந்தது. எல்லோருடைய அளவும் ஒரேமாதிரி இருந்தால் பிடிபட்டுவிடும் அல்லவா? ஆகவே ஒவ்வொருவரும் தாம் பிறந்த தேதியின் கடைசி இலக்கத்தை எடுத்து, அத்தனை மில்லிமீற்றரை எல்லா உயரத்தோடும் கூட்டிக்கொள்ளவேண்டும்.

“நான் பதினேழாம் தேதி பிறந்தவன். என்ட ஊரியெல்லாம் ஏழு மில்லிமீற்றர் மேல ஏறித்தான் இருக்கும்,” என்று பாயிஸ் சொல்லித் திரிந்தான். கிண்ணியாவிலிருந்து வருபவன் அவன், வெளிக்கள வேலையில் கிறிஸ்டினுக்குச் சோடி. “முப்பதாம் தேதி பிறந்தவன்தான் பாவம். அவன்ட ஊரிக்கு வளர்ச்சியே இல்ல.”

கிறிஸ்டினும் குப்பிக்குப் போனவள்தான். எல்லா உயரங்களையும் பாடமாக்கியவள்தான். ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டுப் பெட்டியோடு பின்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது, அந்த மண்ணிறப் பாசியை ஒருக்கால் பார்த்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. சும்மா ஆசைதான். பெயரை மட்டும் தெரிந்துவைத்திருந்த ஒருவரை நேரில் காணப்போகிற ஆசை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறையெல்லாம் தேடினாள். பாசி இல்லை. அடுத்த நாளும் தேடினாள். அந்தப் பாசி இந்தக் கடலில் முளைப்பதே இல்லை.

அன்றிலிருந்து அவள் வாரத்துக்கொருமுறை இறங்கினாள். தோணிக்குப் பூசும் சிவப்பு மையால் பாறையில் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டிலிருந்து அளந்தாள். தையல் நாடாவோடு அவள் குனிந்து நிற்பதைக் கண்டு, அந்த வழியே வள்ளம் வலித்துப் போகிறவர்கள் கூப்பிட்டுக் கேட்டார்கள்: “தங்கச்சி, பாறைக்குச் சட்டை தைக்கப் போறீரோ? கழுத்தை அகலமா வெட்டும், பிடரி பெருத்த பாறை அது!” அவளும் சிரித்தாள். கால் வெட்டுப்பட்டது, தோல் கறுத்தது, ஞாயிறு பூசைக்கு வரும் பெண்கள் அம்மாவிடம் விசாரித்தார்கள். பாறை மட்டும் மெல்ல மெல்ல அவளோடு கதைக்கத் தொடங்கியிருந்தது.

பாறையில் பட்டிகள் இருந்தன. ஆனால் அவை நின்ற இடத்தில் நிற்கவில்லை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடல் உயர்ந்து நின்றது. அலை பாறையின் தலைவரைக்கும் நனைத்தது, பச்சைப்பாசி அவளுடைய இடுப்பு உயரத்துக்கு ஏறி வந்தது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கியதும் கடல் தாழ்ந்தது. வெயிலில் பாசி வெளுத்துக் காய்ந்து உதிர, ஊரிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கின. இங்கே பாறையைப் பங்கு பிரிப்பது நாளுக்கு இரண்டு தரம் வரும் வற்றுப்பெருக்கு அல்ல, வருடத்துக்கு இரண்டு தரம் மாறும் காற்று. இதுதான் அவள் எழுதிய அத்தியாயம்.

சிவகுருநாதனை அவள் மார்கழியில் ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டினாள். ஆனியில் மறுமுறை. ஆனியில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, களிசானை மடித்துக்கொண்டு, பாறையில் காய்ந்துபோன பாசியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மார்கழியில் அதே இடத்தில் வழுக்கி விழப் பார்த்தவர் அவர். பிறகு, “நாங்கள் இத்தனை வருஷமா இந்தக் கதவைத் திறந்து குப்பையைத்தான் கொட்டினனாங்கள் பிள்ளை,” என்றார். அவருடைய முகம் அன்று இளமையாக இருந்தது. “எழுதும். ஒண்டும் விடாமல் எழுதும். நான் பார்த்துக்கொள்ளுறன்.”

அதற்குப் பிறகுதான் வெளிப் பரீட்சகரின் பெயரும், அவர் எதற்காக வருகிறார் என்பதும் கொழும்பிலிருந்து தெரியவந்தன.

அந்த வாக்குவாதத்துக்கு மறுநாள், வெளிப் பரீட்சகரான பேராசிரியர் லெஸ்லி அருமைநாயகம் காலை ரயிலில் வந்து இறங்கினார். மெலிந்த, மென்மையான மனிதர். குளத்து மீன்களைப் பற்றி அவர் எழுதியவை இலண்டனிலும் அச்சாகியிருந்தன. நீரிழிவு அவருடைய கால்களை வீங்க வைத்திருந்தது. இரவு முழுதும் ரயிலில் உட்கார்ந்து வந்ததால் சப்பாத்தின் கட்டுகளை அவிழ்த்துவிட்டுத்தான் மேசைக்கு முன்னால் இருந்தார். கச்சான் காற்று தாள்களை அள்ளிக்கொண்டு போகப் பார்த்தது. “இந்த ஜன்னலை ஒருக்காச் சாத்திவிடுங்கோ,” என்றார் பணிவாக. சிவகுருநாதன் எழுந்து கடற்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வெளியே வந்தவர்களின் முகங்களில் வெளிச்சம் இருந்தது. பாயிஸ் வந்தபோது விறாந்தையில் ஒரு சின்ன ஆட்டமே ஆடினான்.

“நல்ல மனிசன் புள்ள! ‘மிஸ்டர் பாயிஸ், உங்கட அளவுகளில ஒரு இயற்கையான ஏற்ற இறக்கம் தெரியுது, மெத்தச் சந்தோஷம்’ எண்டார். இயற்கை! எங்க உம்மா கேட்டிருந்தா அழுதிருப்பா. என்னைப் பெத்த தேதிக்குப் பட்டம் குடுக்கிறாங்க.”

“பாசியைப் பற்றிக் கேக்கேல்லையோ?”

“கேட்டார். நல்லா வளருதா எண்டார். வளருது சேர் எண்டன். பொய்யில்லையே, எங்கயோ வளருதுதானே.” பிறகு அவள் முகத்தைப் பார்த்து ஆட்டத்தை நிறுத்தினான். “நீயும் பேசாம ஒத்துக்க புள்ள. ஒனக்கு எத்தனையாம் தேதி?”

அதற்குள் அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள்.

பேராசிரியர் அவளை உட்காரச் சொன்னார். அவளுடைய அறிக்கை மேசையின் ஒரு பக்கத்திலும், மற்றவர்களுடையவை எல்லாம் மறுபக்கத்தில் ஒரே அடுக்காகவும் இருந்தன.

“மிஸ் பஸ்தியாம்பிள்ளை, உம்மட எழுத்தும் நல்லது, படங்களும் நல்லது. எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. ஒரே பாறை. ஒரே வருஷம். பத்துப் பேருக்கு ஒரு கடல், உமக்கு மட்டும் வேற கடலோ?”

“நான் அளந்தது இந்தக் கடல்தான் சேர்.”

“மற்ற ஆக்கள் அளந்தது?”

கிறிஸ்டின் வாயைத் திறந்தாள். குப்பி என்ற ஒரு சொல் போதும், அவளுடைய பாறை நிமிர்ந்து நின்றுவிடும். பத்துப் பேர் விழுவார்கள். கதவுக்கு வெளியே பாயிஸ் யாரோடோ சிரிக்கும் சத்தம் கேட்டது. திரியாயிலிருந்து வந்து படிக்கும் இரண்டு பேரும் அங்கேதான் நின்றார்கள். அவர்கள் ஊரில் இவர்கள்தான் முதல் டிப்ளோமாக்காரர்கள்.

“அது எனக்குத் தெரியாது சேர்,” என்றாள்.

“தெரியாது.” அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. “நான் இதுக்கு முந்தின வருஷங்களின்ர அறிக்கையளையும் பார்த்தனான். எல்லாம் ஒத்துப்போகுது. தரம் எண்டு நாங்கள் எதைச் சொல்லுறம்? ஆர் அளந்தாலும், எந்த வருஷம் அளந்தாலும், ஒரே விடை வரவேணும். உண்மையைச் சொன்னால், இப்பிடி ஒரு ஒழுங்கை நான் கொழும்பிலயும் காணேல்லை. மிஸ்டர் சிவகுருநாதனுக்கு அந்தப் பெருமை சேரவேணும்.”

சிவகுருநாதன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சேர், பாறை இஞ்சதான் இருக்கு,” என்றாள் கிறிஸ்டின். “பின்கதவைத் திறந்தால் தெரியும். இப்ப கச்சான். பாசி காய்ஞ்சு கிடக்குது. அந்தப் புத்தகத்தில இருக்கிற மண்ணிறப் பாசி அதில இல்லை. நீங்கள் ஒரு பார்வை பார்த்தால் போதும்.”

பேராசிரியர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். பிறகு புன்னகை செய்தார், நல்லவர்கள் மறுக்கும்போது செய்யும் புன்னகை.

“பிள்ளை, நான் பாறையைப் பரீட்சிக்க வரேல்லை. உங்களைப் பரீட்சிக்க வந்தனான்.” அறிக்கையைப் புரட்டினார். “உம்மட சோடி ஆர்? மிஸ்டர் பாயிஸ்தானே? ரெண்டு பேரும் சேர்ந்துதான் இறங்கவேணும் எண்டு விதி இருக்கு. அவரைக் கேட்டால் முடிஞ்சுது. நீர் கொஞ்சம் வெளியில இரும்.”

பாயிஸ் உள்ளே போய் வருவதற்கு அதிக நேரம் செல்லவில்லை. வந்தபோது அவன் ஆடவில்லை. விறாந்தைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, துறைமுகத்தில் நின்ற கப்பலைப் பார்ப்பதுபோல நின்றான்.

“என்ன கேட்டார்?” என்றாள்.

“கிறிஸ்டின் எழுதினதை நீங்களும் கண்டீங்களா எண்டார்.”

“என்ன சொன்னனீர்?”

“என்னத்தச் சொல்ற? கண்டன் எண்டா என்ட அறிக்கை பொய். காணல எண்டா ஒன்ட அறிக்கை பொய். நான் அந்தப் பாறைக்கு ஒருநாளும் இறங்கினதே இல்ல எண்டு சொல்றதா?” அவன் திரும்பிப் பார்க்கவில்லை. “காணல எண்டு சொன்னன். அது மெய்தானே புள்ள. நான் காணலதானே.”

அவளுக்கு அவனை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, அவன் சொன்னதில் பிழை பிடிக்க முடியாமலும் இருந்தது. அந்தக் கட்டடத்தில் அன்று எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள். பேராசிரியர் தாள்களில் கண்டதைச் சொன்னார், பாயிஸ் காணாததைச் சொன்னான். எல்லா உண்மைகளும் சேர்ந்து ஒரு பெரிய பொய்யைக் கதிரையில் உட்காரவைத்து விசிறிக்கொண்டிருந்தன.

“கோவமா?” என்றான்.

“இல்லை. உம்மட ஊரி இன்னும் ஏறட்டும்.”

அவன் அதற்குச் சிரிக்கவில்லை. “கிறிஸ்டி, அந்தாள் கெட்டவரில்ல. பதமாக் கதைச்சா ஏதாவது வழி தருவார்,” என்றான்.

வழி இருந்தது. அவள் மறுபடி உள்ளே போனபோது பேராசிரியர் அதைத் தயாராக வைத்திருந்தார். அவளுடைய அறிக்கையை மூடி, அதன் மேல் தன் மெலிந்த கையை வைத்திருந்தார்.

“எனக்கும் ஒரு மகள் இருக்கிறா,” என்று தொடங்கினார். “அதனால சொல்லுறன். விதிப்படி நான் எழுதவேண்டியது என்னெண்டு உமக்குத் தெரியும். சோடியா நிண்டவரே காணேல்லை எண்டிட்டார். கற்பனை அளவுகள் எண்டு எழுதிக் கொழும்புக்கு அனுப்பவேணும். அனுப்பினால் உம்மட படிப்பு அதோட சரி. எனக்கு அது விருப்பமில்லை. நீர் கெட்டிக்காரப் பிள்ளை, கொஞ்சம் கற்பனை கூடிப்போச்சு. அதை வாழ்க்கையில வேற எதுக்காவது வைச்சிருக்கலாம்.”

அவர் தண்ணீர் குடித்தார்.

“பின்னேரத்துக்கிடையில இந்த அத்தியாயத்தை எடுத்திட்டு, ஒரு அட்டவணை எழுதித் தாரும். மற்ற ஆக்களின்ர அளவுகளோட ஒத்துப்போகட்டும், அது போதும். முந்தி எழுதினது அளவையில வந்த பிழை எண்டு கீழ ஒரு வரி. நான் சாதாரண சித்தி போடுறன். அடுத்த வருஷப் படிப்புக்கும் பேர் குடுக்கலாம். என்ன சொல்லுறீர்?”

கிறிஸ்டின் அந்த அட்டவணையை நினைத்துப் பார்த்தாள். அவளுக்கு அது மனப்பாடம். இந்தக் கதிரையில் இருந்தபடியே, ஜன்னலைத் திறக்காமலே, ஒரு பிழையும் இல்லாமல் எழுதிவிடலாம். பிறந்த தேதியையும் கூட்டவேண்டும், மறக்கக்கூடாது. அப்படி எழுதினால் அவள் வேண்டிய வருடம் அவளுக்குக் கிடைக்கும். அந்த வருடத்தில் அவள் எதைப் படிப்பாள்? இதே கட்டடத்தில், இதே பாறையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, அடுத்து வரும் பிள்ளைகளுக்குக் குப்பி விளக்கடியில் எதைச் சொல்லிக்கொடுப்பாள்?

“அளந்து பார்க்காத அளவை எழுதித் தந்தால் சித்தி. அளந்ததை எழுதினால் மோசடி. அப்பிடித்தானே சேர்?”

“இதுகளை இப்பிடிச் சுருக்கிச் சொன்னால் எல்லாம் மோசமாத்தான் கேக்கும்,” என்றார் பேராசிரியர், சற்று நொந்து. அவர் சிவகுருநாதனின் பக்கம் திரும்பினார். “நீங்கள் சொல்லுங்கோவன் பிள்ளைக்கு. உங்கட மாணவி.”

சிவகுருநாதன் செருமினார். “சேர் சொல்லுறதைக் கேளும் பிள்ளை,” என்றார். “அவர் உமக்கு நல்லதைத்தான் நினைக்கிறார். ஒரு பக்கம். ஒரு பக்கத்தை மாத்துறதால ஒண்டும் குறைஞ்சு போகாது. நிலையம் இருந்தால் உம்மட பாறையைப் பிறகும் அளக்கலாம்.”

“நிலையத்துக்கு என்ன?” என்று கேட்டார் பேராசிரியர். “நிலையம் மிகத் திருப்தி எண்டு நான் ஏற்கெனவே எழுதிப்போட்டன். இந்த ஒரு விஷயம்தான் ஒட்டாமல் நிக்குது.”

சாத்திய ஜன்னலில் காற்று வந்து மோதி மோதித் திரும்பியது. பேராசிரியர் தன் பேனாவின் மூடியைத் திறந்து, அவளுடைய பெயருக்கு எதிரே முனையை வைத்துக்கொண்டு, பொறுமையாகக் காத்திருந்தார். உண்மையிலேயே பொறுமையான மனிதர்தான்.

கிறிஸ்டின் அவரைப் பார்க்கவில்லை. சிவகுருநாதனைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு அவள் முகம் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

“எனக்குப் புள்ளி வேண்டாம் சேர்,” என்றாள். “மற்ற ஆக்களைப் பற்றி நான் ஒண்டும் கதைக்கேல்லை, நீங்களும் கதைக்க வேண்டாம். நிலையம் நல்லா இருக்கட்டும், பட்டம் வரட்டும். நீங்கள் மார்கழியில என்னோட வந்தனீங்கள். ஆனியிலயும் வந்தனீங்கள். செருப்பைக் கழட்டிப்போட்டு அந்தப் பாறையில நிண்டனீங்கள். அதில என்ன கண்டனீங்கள் எண்டு, அதை மட்டும், இவருக்குச் சொல்லுங்கோ சேர்.”